பைபிள் வசனங்கள் உங்கள் அன்றாட வாழ்க்கையில் உண்மையாகவே எதையாவது மாற்றியிருக்கின்றனவா?

கேள்வி கேட்டவர் கீழே இன்னொரு வரியும் சேர்த்திருக்கிறார்: "ஞாயிறு ஆராதனையில் கேட்பது திங்கட்கிழமை காலையிலேயே மறந்துபோகிறது. நீங்கள் என்ன செய்கிறீர்கள்?" எனக்கும் நெடுங்காலம் அப்படித்தான் இருந்தது. மாறியது கோயிலில் அல்ல, வயலில். அதனால் வயலிலிருந்தே தொடங்குகிறேன்.

நாங்கள் கிளிநொச்சி மாவட்டம், முரசுமோட்டைப் பக்கம். இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் விளைகிற இரண்டு ஏக்கர் வயல் இருக்கிறது. காலபோக நெல்லை மாசியில் வெட்டுவோம். 2022 மாசி வெட்டை இந்தப் பக்கத்தில் ஒருவரும் மறக்கமாட்டார்கள். முந்தின வருடம் இரசாயன உரத்தைத் தடைசெய்தார்கள். பிறகு தடையை எடுத்தும் வேளைக்கு யூரியா கிடைக்கவில்லை, பயிர் மஞ்சளாகவே நின்றது. ஏக்கருக்கு முப்பது மூடை கண்ட எங்கள் வயலில் பன்னிரண்டுதான் வந்தது. உழவுக்கூலி, மெசின்கூலி கழித்தால் வீட்டுச் சாப்பாட்டுக்கே காணாது.

வெட்டு மெசின் மூலைகளுக்குள் திரும்பாது. வரம்போரமும் நாலு மூலையும் மிஞ்சும். அதை நாங்கள் அரிவாளால் வெட்டி எடுப்போம். அந்த முறை மெசின் வெளியேறின கையோடு திரும்பிப் பார்க்கிறேன், மூலையில் ஒருத்தர் குனிந்து நிற்கிறார். எங்கள் ஒழுங்கையில் இருக்கிற அக்கா. கணவரைப் போரில் இழந்தவர், இரண்டு பிள்ளைகள். கையில் ஒரு பழைய உரப்பை.

"ஆரைக் கேட்டு இறங்கினனீங்கள்? நாங்களே இன்னும் பொறுக்கேல்லை."

நான் கத்தின சத்தம் அடுத்த வயலுக்கும் கேட்டிருக்கும். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. பையில் இருந்ததை வரம்பில் கொட்டிவிட்டுப் போய்விட்டார். இரண்டு கொத்து நெல்கூட இராது.

எங்கள் வீட்டில் இரவில் ஒழுங்காக ஓர் அதிகாரம் வாசிப்போம். ஆளுக்கு ஐந்து வசனம், வரிசைப்படி. இரண்டு மூன்று நாள் கழித்து ரூத் இரண்டாம் அதிகாரம் வந்தது. கதிர் பொறுக்க வந்த ரூத்தைப் பற்றி வயல்காரன் போவாஸ் தன் வேலைக்காரருக்குச் சொல்கிற இடம் என் பங்குக்கு விழுந்தது: "அவளை அதட்டாதிருங்கள்." அதற்கு மேல் என்னால் வாசிக்க முடியவில்லை. மகள் வாங்கி வாசித்து முடித்தாள்.

ரூத்தின் புத்தகத்தை நான் அதுவரை கலியாண வீட்டுப் பிரசங்கமாகத்தான் கேட்டிருக்கிறேன். நல்ல மருமகள், நல்ல மாப்பிள்ளை, ஆமென். அன்றைக்கு முதல் அதிகாரத்திலிருந்து திரும்ப வாசித்தேன். பஞ்சத்தால் ஊரைவிட்டுப் போன ஒரு குடும்பம். பத்து வருடம் வேறு நாட்டில். போன இடத்தில் கணவனும் இரண்டு மகன்மாரும் சாகிறார்கள். நிறைவாகப் போனவள் வெறுமையாகத் திரும்புகிறாள். ஊர்ப் பெண்கள் அவளைப் பார்த்து, இவள் நகோமியோ என்று கேட்கிறார்கள். முகம் மட்டுக்கட்ட முடியாத அளவுக்கு அவள் உருமாறியிருக்கிறாள் என்றே எனக்குப் பட்டது. 2010இல், போரில் இடம்பெயர்ந்த எங்களை வைத்திருந்த செட்டிகுளம் முகாமிலிருந்து இரண்டு தறப்பாளோடு நாங்கள் வந்து இறங்கியபோது, பரந்தன் சந்தியில் என் சொந்தச் சித்தி என்னை அப்படித்தான் பார்த்தா. இது எங்களுடைய கதை. வன்னியில் பாதி வீட்டில் நடந்த கதை. இத்தனை வருடம் அதை வேறு யாருடையதோ கதையாக வாசித்திருக்கிறேன். அதைவிடவும், அந்தக் கதைக்குள் நான் நகோமியாக நிற்கவில்லை, கதிர் பொறுக்க வந்தவளை விரட்டுகிற ஆளாக நிற்கிறேன் என்பதுதான் என்னை உலுக்கியது.

போவாஸ் இரக்கப்பட்டுச் செய்ததற்குப் பின்னால் ஒரு சட்டம் இருக்கிறது. லேவியராகமம் 19ஆம் அதிகாரம், 9ஆம் வசனம்: வயலின் ஓரத்திலிருக்கிறதைத் தீர அறுக்காதே, சிந்திக்கிடக்கிற கதிர்களைப் பொறுக்காதே. அடுத்த வசனம் அது எளியவனுக்கும் பரதேசிக்கும், அதாவது பிற தேசத்தாருக்கும், உரியது என்கிறது. எவ்வளவு விடவேண்டும் என்று மோசே சொல்லவில்லை. பிற்காலத்து யூதப் போதகர்கள் அறுபதில் ஒரு பங்குக்குக் குறையக்கூடாது என்று வகுத்தார்கள். நான் இருந்து கணக்குப் பார்த்தேன். இரண்டு ஏக்கர் என்றால் முப்பத்திரண்டு பரப்பு. அதில் அறுபதில் ஒன்று அரைப் பரப்பும் கொஞ்சமும். நான் சத்தம் போட்டது அந்த அரைப் பரப்புக்குத்தான்.

அடுத்த போகத்தில் பாவம் தீர்க்கிற அவசரத்தில் ஒரு பிழை விட்டேன். மூலைகளை நாங்களே வெட்டி, தூற்றி, அரை மூடை நெல்லைக் கட்டி அக்கா வீட்டு வாசலில் கொண்டுபோய் இறக்கினேன். அக்கா வாங்கினா. நிமிர்ந்து என் முகத்தைப் பார்க்கவில்லை. "பெரிய உதவி, தங்கச்சி" என்றா. அந்தக் குரல் எனக்குப் பழக்கமான குரல். முகாமில் கார்ட்டை நீட்டிக்கொண்டு நிவாரண வரிசையில் நின்றபோது என் வாயிலிருந்து வந்த குரல் அது. 2009இல் அந்த முகாம்களில் ஏறத்தாழ 3 லட்சம் பேர் இருந்தோம். அரிசி தந்தார்கள், பருப்புத் தந்தார்கள், பட்டினியில் சாகவில்லை. ஆனால் மாதக்கணக்காகக் கையை நீட்டி வாங்குகிற மனுசருக்கு உள்ளே என்ன நடக்கும் என்பது அப்படி வாங்கினவர்களுக்குத் தெரியும்.

பிறகுதான் அந்தச் சட்டத்தின் நுட்பம் பிடிபட்டது. வெட்டிக் கொண்டுபோய்க் கொடு என்று அது சொல்லவில்லை. விட்டுவிடு என்கிறது. அவள் தன் அரிவாளோடு வருவாள், தன் கையால் வெட்டுவாள், தன் நெல்லாகக் கொண்டுபோவாள். யாருக்கும் நன்றி சொல்லத் தேவையில்லை, ஏனென்றால் அந்த ஓரம் முதலிலிருந்தே வயல்காரனுடையது அல்ல. இதை எழுதியவருக்கு ஏழைகளின் மானம் தெரிந்திருக்கிறது. அந்த அதிகாரத்தை வாசிக்கும்போதெல்லாம் கர்த்தர்மேல் எனக்கு அன்பு பெருகுகிறது.

இப்போது வாய்க்கால் பக்கத்து ஓரத்தையும் மூலைகளையும் விட்டுவிடுகிறோம். மெசின்காரருக்கு முதலே சொல்லிவிடுவோம். நான் அந்த நேரம் வயலில் நிற்பதில்லை, அதுவும் முக்கியம். அக்கா சைவம். அந்த நெல்லில் ஒரு பங்கை எடுத்துவைத்து, வைகாசியில் வற்றாப்பளை அம்மனுக்குப் பொங்கக் கொண்டுபோகிறா. எங்கள் சபையில் ஒருவர் இதைக் கேட்டு முகம் சுளித்தார். ரூத் மோவாபிய தேசத்துப் பெண். போவாஸ் அவள் யார் என்று விசாரித்தான், மோவாபியப் பெண் என்று தெரிந்த பிறகும் அவளைக் கதிர் பொறுக்க விட்டான். எனக்கு அது போதும்.

இதிலிருந்து எனக்கு ஒரு பழக்கம் வந்தது. ஒரு வசனம் பிடித்தால், அதற்கு முன்னும் பின்னும் வாசிப்பேன், யார் யாருக்கு எந்த நிலைமையில் சொன்னது என்று பார்ப்பேன். பிறகு ஒரு கொப்பியில் வசனத்தை எழுதி, அதன் கீழே இன்றைக்கு என் கையால் செய்யக்கூடிய ஒரு வேலையை எழுதுவேன். வேலை ஒன்றும் தோன்றாவிட்டால் இடம் விடுவேன்.

நாட்காட்டியில் அடிக்கிற வசனங்களில் எரேமியா 29:11, உங்களுக்கு நான் நினைத்திருப்பது தீமை அல்ல, சமாதானம் என்கிற வசனம், எங்கள் வீட்டுச் சுவரிலும் தொங்கியது. அது நாடுகடத்தப்பட்டுப் பாபிலோனில் இருந்த சனத்துக்கு எழுதிய கடிதம் என்பதும், முந்தின வசனத்தில் எழுபது வருடம் என்று தவணை சொல்லியிருப்பதும் எனக்குப் பிந்தித்தான் தெரியும். அதே கடிதம் வீடு கட்டுங்கள், தோட்டம் வையுங்கள் என்றும் சொல்கிறது. முகாமில் அம்மா தறப்பாளுக்குப் பக்கத்தில் இரண்டு மிளகாய்க் கன்று நட்டுவைத்து, முகம் கழுவின தண்ணீரை ஊற்றினா. அப்போது எனக்கு அது பைத்தியக்காரத்தனமாக இருந்தது.

காணி விசயம் ஒன்று. எங்கள் வயல் அப்பா பெயரில் அரசாங்கம் அனுமதிப்பத்திரம் கொடுத்த காணி. அப்பா தனக்குப் பின் தம்பிக்கு என்று பெயர் கொடுத்திருந்தார். தம்பி 2009இல் காணாமற்போனவன். பெயரை மாற்றக் கேட்டு நானும் தங்கச்சியும் ஓர் அலுவலகத்துக்கு நடந்த நடைக்குக் கணக்கில்லை. "ஆம்பிளைப் பிள்ளை வரேல்லையோ?" என்று கேட்டார்கள். மரணச் சான்றிதழ் கொண்டுவரச் சொன்னார்கள். அம்மா அதற்குக் கையெழுத்து வைக்கமாட்டா. காணவில்லை என்பதற்கே சான்றிதழ் கொடுக்க 2016இல் சட்டம் வந்தது. அதுவும் தன் மகனை எழுதிக் கொடுப்பது மாதிரி என்று அம்மா சொல்லிவிட்டா. அந்த நாட்களில் எண்ணாகமம் 27ஐக் கையில் எடுத்தேன். செலொப்பியாத்தின் ஐந்து மகள்மார், ஆண்பிள்ளை இல்லாத வீட்டார், மோசேக்கும் பிரபுக்களுக்கும் முன்னால் நேரே போய் நின்று, தகப்பனுடைய காணியில் எங்களுக்குப் பங்கு தா என்று கேட்கிறார்கள். கர்த்தர் அவர்கள் பேசுவது சரி என்கிறார், சட்டம் மாறுகிறது. மக்லாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாள் என்று ஐந்து பெயரும் எழுதியிருக்கிறது. கொப்பியில் அன்றைய வேலை: "திரும்பப் போ. இருந்து கேள், அழாதே." எங்கள் நாட்டில் 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் வாரிசு வரிசையில் ஆண்களுக்கு இருந்த முன்னுரிமை 2022இல்தான் எடுக்கப்பட்டது. எங்கள் அலுவல் இன்னும் முடியவில்லை, போய்க்கொண்டிருக்கிறோம்.

தம்பியைப் பற்றிச் சொல்லிவிட்டேன், அதனால் இதையும் சொல்லவேண்டும். தயவுசெய்து துக்கத்தில் இருக்கிறவர்மேல் வசனத்தை எறியாதீர்கள். முகாமில் ஒருவர் அம்மாவுக்கு ரோமர் 8:28ஐச் சொன்னார், சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது என்று. அம்மா அதற்குப் பிறகு நாலு மாதம் ஆராதனைக்கு வரவில்லை. பவுலின் வசனத்தில் பிழை இல்லை. சொன்ன நேரம் பிழை. பிள்ளைகளை எல்லாம் இழந்த யோபுவிடம் வந்த சிநேகிதர் செய்ததில் ஒரேயொரு நல்ல காரியம், முதல் ஏழு நாள் வாய் திறக்காமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தது. 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலுக்கு முன்னால் காணாமற்போனோரின் தாய்மார் போராட்டத்தில் அமர்ந்தபோது அம்மாவும் போனா. நான் சோற்றுப் பார்சலோடு போய்ப் பக்கத்தில் இருப்பேன். ஒருநாள் அம்மாவே பைபிளைத் தந்து, "ஏதாவது வாசி, ஆனால் ஆறுதல் சொல்லுறதை வாசிக்காதை" என்றா. 88ஆம் சங்கீதத்தை வாசித்தேன். நம்பிக்கையான ஒரு வரியிலும் முடியாத சங்கீதம் அது. கடைசி வரி, "எனக்கு அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள்." அம்மா இரண்டாந்தரம் வாசிக்கச் சொன்னா. "இதையும் வேதத்துக்குள்ள விட்டிருக்கினம்" என்றா. பக்கத்தில் இருந்த சைவ அம்மா ஒருவரும் அந்த வரியைத் திருப்பிக் கேட்டார்.

கொப்பியில் நான் இடம் விட்ட வசனங்களில் ஒன்று மத்தேயு 5:44. சத்துருக்களைச் சிநேகியுங்கள். பல வருடமாக அது வெறுமையாகவே இருக்கிறது.

2018 மார்கழி வெள்ளத்தில், நத்தாருக்குச் சில நாள் முதல், இரணைமடு வான்கதவுகள் திறந்து எங்கள் பக்கம் இரவோடிரவாகத் தண்ணீர் ஏறியது. விடியப்புறம் இராணுவத்தார் வந்தார்கள். இருபது வயது மதிக்கத்தக்க ஒரு பெடியன் இடுப்பளவு தண்ணீரில் அம்மாவை முதுகில் சுமந்துகொண்டு போய்ப் பள்ளிக்கூட மேட்டில் இறக்கினான். நான் பின்னால் பைபிளையும் காணிக் கடுதாசிகளையும் தலைக்கு மேலே பிடித்தபடி நடந்தேன். இறக்கினதும் அம்மா அவனைக் குனியச் சொல்லிச் சைகை காட்டி, அவன் தலையில் கை வைத்தா. நான் மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அன்றிரவு பள்ளிக்கூட விறாந்தையில் படுத்திருக்கும்போது அம்மாவிடம் கேட்டேன், உங்களால் எப்படி முடிந்தது என்று. என் தம்பியின் பெயரைச் சொல்லியே கேட்டேன்.

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னா: "மதகடியில அவனுக்குக் கால் வழுக்கினது, பிள்ளை. என்னை இறுக்கிப் பிடிச்சான். அவன்ர நெஞ்சு அடிச்சது எனக்குக் கேட்டது."