கிரேக்கப் போர்க்கப்பலில் துடுப்பு வலித்தவர்கள் அடிமைகளா?

"பழைய கிரேக்கப் போர்க்கப்பல்களில் அடிமைகளைச் சங்கிலியில் கட்டி, சாட்டையால் அடித்துத் துடுப்பு வலிக்க வைத்தார்களாமே, உண்மையா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஏதென்ஸ் நகரத்துக் கப்பல்களைப் பொறுத்தவரை உண்மை இல்லை. வலித்தவர்களில் பெரும்பாலோர் கூலி வாங்கிய சுதந்திர மனிதர்கள். நீங்கள் சொல்லும் சங்கிலியும் சாட்டையும் 16, 17ஆம் நூற்றாண்டு மத்தியதரைக் கடலுக்குச் சேர்ந்தவை. பிரெஞ்சு, ஸ்பானிய, துருக்கியக் கப்பல்களில் கைதிகளும் அடிமைகளும் அப்படித்தான் வதைபட்டார்கள். அந்தக் காட்சியைத்தான் நாம் இரண்டாயிரம் வருஷம் பின்னால் கொண்டுபோய் ஒட்டிவிட்டோம்.

நான் சரக்குக் கப்பலில் எஞ்சின் பக்கம் வேலை பார்த்தவன். எங்கள் கப்பல் ஏதென்ஸை ஒட்டிய பிரேயஸ் துறைமுகத்தில் நின்ற ஒருநாள், பக்கத்தில் இருக்கும் ஃபாலிரோவுக்குப் போனேன். 1910இல் கடலில் இறக்கிய அவெரோஃப் என்ற போர்க்கப்பல் அங்கே அருங்காட்சியகமாக மிதக்கிறது. அதே இடத்தில், கரையில் கூரைக்கு அடியில் நிற்கிறது ஒலிம்பியாஸ். பழைய டிரைரீம், அதாவது மூன்று வரிசைத் துடுப்புள்ள கிரேக்கப் போர்க்கப்பல், எப்படி ஓடியிருக்கும் என்று சோதிக்கவே கட்டி, 1987இல் கிரேக்கக் கடற்படையில் சேர்த்த கப்பல். அவெரோஃபைப் பத்து நிமிஷத்தில் பார்த்து முடித்தேன். ஒலிம்பியாஸை விட்டு நகர மனம் வரவில்லை.

நீளம் 37 மீட்டர், அகலம் ஐந்தரை மீட்டர். அதற்குள் வலிப்பவர்கள் மட்டும் 170 பேர்! மேல் வரிசையில் 62, நடுவில் 54, அடியில் 54. ஆளுக்கு ஒரு துடுப்பு. அடி வரிசைத் துடுப்புத் துளைகள் கடல் மட்டத்துக்கு முழங்கால் உயரம்தான். தண்ணீர் உள்ளே வராமல் இருக்கத் தோல் உறை போட்டிருப்பார்கள். அங்கே உட்கார்ந்தவனுக்குக் கடலே தெரியாது. கப்பல் எங்கே போகிறது, எதிரி எங்கே வருகிறான் என்று எதுவும் தெரியாமல், குழல்காரனின் தாளத்தை மட்டும் கேட்டு வலிக்க வேண்டும். ஒருவன் தாளம் தப்பினால் அடுத்தவன் துடுப்பில் மோதும். சோதனை ஓட்டங்களில் ஒலிம்பியாஸ் ஒரே நிமிஷத்தில் நேர் எதிர்த்திசைக்குத் திரும்பிக் காட்டியது. முகப்பில் இருக்கும் வெண்கல இடிமுனையால் எதிரியின் விலாவில் மோதுவதுதான் சண்டையே என்பதால், அந்தத் திருப்பம்தான் உயிர். இதையெல்லாம் சாட்டையால் வாங்க முடியாது. பழகிய கைகள் வேண்டும். ஏதென்ஸ் தலைவர் பெரிக்ளீஸும் இதையே சொன்னதாக அந்தக் காலத்து வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் எழுதுகிறார்: கடல் தொழில் ஓய்வு நேரத்தில் கற்றுக்கொள்ளும் வேலை அல்ல.

சரி, இத்தனை பேர் எங்கிருந்து வந்தார்கள்? கி.மு. 483 வாக்கில் ஏதென்ஸுக்குச் சொந்தமான லாரியம் சுரங்கத்தில் வெள்ளி நிறையக் கிடைத்தது. ஆளுக்குப் பத்து திராக்மா (அந்த ஊர் வெள்ளிக்காசு) பங்கு போட்டுக்கொள்ளலாம் என்று பேச்சு வந்தபோது, வேண்டாம், கப்பல் கட்டுவோம் என்று மக்கள் சபையைச் சம்மதிக்க வைத்தார் தெமிஸ்டாக்ளீஸ் என்ற தலைவர். கி.மு. 480இல் சலாமிஸ் ஜலசந்தியில் பாரசீகப் படையை முறியடித்தவை அந்தக் கப்பல்கள்தான். கவசம் வாங்க வழியில்லாத ஏழைக் குடிமக்கள் வலித்த கப்பல்கள். ஊரைக் காப்பாற்றியது நாங்கள் என்று சொல்லும் உரிமை அவர்களுக்கு வந்தது. சபையில் அவர்கள் குரல் ஓங்கியதற்கு இது ஒரு முக்கியக் காரணம் என்றே நான் நினைக்கிறேன்.

அடிமைகளே இல்லை என்று சொல்ல மாட்டேன். சில கப்பல்களில் அடிமைகளும் வலித்ததற்குக் கல்வெட்டுச் சான்று இருக்கிறது. கி.மு. 406இல் ஸ்பார்டாவோடு நடந்த அர்ஜினூசே கடற்சண்டைக்கு ஆள் போதாமல் அடிமைகளையும் ஏற்றினார்கள். ஆனால் வலித்ததற்குப் பதிலாக விடுதலை கொடுத்தார்கள். அந்தச் சண்டையில் ஜெயித்த பிறகும், புயலில் தத்தளித்தவர்களை மீட்கவில்லை என்று ஆறு தளபதிகளுக்கு ஏதென்ஸ் மரண தண்டனை விதித்து நிறைவேற்றியது. மூழ்கியவர்கள் பேர் தெரியாத அடிமைகள் மட்டும் என்றால் ஊர் இப்படிக் கொதித்திருக்குமா?

எனக்கு மிகவும் பிடித்த சம்பவம் கி.மு. 427இல் நடந்தது. லெஸ்போஸ் தீவில் ஏதென்ஸுக்கு எதிராகக் கலகம் செய்த மிட்டிலீன் நகரத்து ஆண்களை எல்லாம் கொல்ல ஏதென்ஸ் சபை முடிவெடுத்து, ஆணையோடு ஒரு டிரைரீமை அனுப்பியது. மறுநாள் ஊருக்கே மனசு உறுத்தியது. மறுபடி கூடி, மயிரிழை வித்தியாசத்தில் முடிவை மாற்றி இரண்டாவது கப்பலை அனுப்பினார்கள். முதல் கப்பல் புறப்பட்டு ஒரு பகலும் இரவும் ஆகிவிட்டது. போக வேண்டிய தூரமோ 300 கிலோமீட்டருக்கும் மேல். வழக்கமாகச் சாப்பிடவும் தூங்கவும் கரை ஒதுங்குவார்கள். இவர்கள் ஒதுங்கவில்லை. வாற்கோதுமை மாவைத் திராட்சை மதுவிலும் எண்ணெயிலும் பிசைந்து, வலித்துக்கொண்டே தின்றார்கள்; முறை வைத்துத் தூங்கினார்கள். சீக்கிரம் போனால் வெகுமதி என்று மிட்டிலீன் தூதர்கள் சொல்லியிருந்தார்கள், அதுவும் உண்மைதான். முன்னால் போன கப்பலோ, போகிற காரியம் பிடிக்காமல் மெதுவாகவே போனது. அங்கே இருந்த ஏதென்ஸ் தளபதி ஆணையைப் படித்துவிட்டு நிறைவேற்றத் தயாரானபோது இரண்டாவது கப்பல் கரை சேர்ந்தது.

அந்த அடி வரிசைத் துளைகளைப் பார்த்துக்கொண்டு நின்றபோது என் நினைவில் இருந்தது அந்த மாவு உருண்டைதான்.