வாசகர் கேள்விகள்: ரோமானியர் அணிந்த தலைக்கவசங்கள்

கேள்வி: திரைப்படங்களில் ரோமப் படைவீரர்களின் முகம் தெரிகிறது, அரங்கில் மோதும் கிளாடியேட்டர்களின் முகமோ கவசத்துக்குள் மறைந்திருக்கிறது. போரில்தானே ஆபத்து அதிகம்? படைவீரருக்கு ஏன் குறைந்த பாதுகாப்பு?
- வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: போர்க்களத்தில் எதிரி ஒருவர் அல்லர், அவர் ஒரே திசையிலிருந்து வருவதுமில்லை. அணியில் நிற்கும் வீரர் பக்கத்தில் இருப்பவரைப் பார்க்கவும், கொம்பொலியையும் தலைவரின் கட்டளையையும் கேட்கவும் வேண்டியிருந்தது. அதனால்தான் கி.பி. முதல் நூற்றாண்டுப் படைக்கவசத்தில் முகம் திறந்திருந்தது; காதுக்கு இடம் விடப்பட்டது; கன்னத்தைக் கீல் வைத்த தகடுகளும் பிடரியை அகன்ற தகடும் காத்தன. எடை பெரும்பாலும் 2 கிலோவுக்குள் அடங்கியது. நடைப்பயணத்தின்போது வீரர்கள் அதைக் கழற்றித் தோளருகே தொங்கவிட்டுச் சென்றதை, பேரரசர் டிராஜனின் வெற்றிச் சின்னமாக ரோமில் 113-இல் நிறுவப்பட்ட டிராஜன் தூணின் சிற்பங்களில் காணலாம். இன்றைய ருமேனியப் பகுதியில் 101 முதல் 106 வரை டேசியர்களுடன் நடந்த போர்களில், அவர்களுடைய அரிவாள் போன்ற வளைந்த வாள்கள் தலையின் மேல் இறங்கவே, கவசத்தின் உச்சியில் குறுக்குப் பட்டைகள் பொருத்தப்பட்டன.

கிளாடியேட்டரின் நிலை வேறு. எதிரில் நிற்பவர் ஒருவரே; சண்டையும் நெடுநேரம் நீடிப்பதில்லை. ஆகவே சுமார் 4 கிலோ எடையுள்ள, முகத்தை முழுதும் மூடும் வெண்கலக் கவசத்தை அவரால் தாங்க முடிந்தது. இத்தாலியின் பழைய ரோம நகரான பொம்பேயியில் 1766-67 அகழ்வில் கிடைத்து, இப்போது நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கும் கவசங்களில் ஒன்றின் மேல் ட்ராய் நகரின் வீழ்ச்சியே புடைப்புச் சிற்பமாக இருக்கிறது. அத்தனை நுணுக்கமான வேலைப்பாடு வியக்க வைக்கிறது.

கடலூர்க்காரரான உங்களுக்கு எளிதில் விளங்கக்கூடியது 'செக்யூட்டர்' என்ற வீரரின் கவசம். அவருடைய எதிரியான 'ரெட்டியாரியஸ்', வலையும் சூலமும் ஏந்தி வருபவர். வீச்சு வலை எந்த முனையில் பட்டாலும் சிக்கிக்கொள்ளும் என்பதை உப்பனாற்றில் வலை வீசுவோர் அறிவர். எனவே செக்யூட்டரின் கவசம் அகன்ற விளிம்போ இறகோ இல்லாமல், மீன் தலைபோல் வழவழப்பாக அமைந்தது. சூல முனை நுழையாதபடி கண்ணுக்கு இரண்டு சிறு துளைகள் மட்டுமே விடப்பட்டன. சித்திரை வெயிலில் முழுமுக ஹெல்மெட் அணிந்து புதுச்சேரி வரை வண்டி ஓட்டியவர், அதனுள் மூச்சும் பார்வையும் எவ்வளவு குறுகியிருக்கும் என்பதை ஓரளவு உணரலாம். வலை வீரருக்கோ தலைக்கவசமே இல்லை. வீழ்ந்த வலை வீரர்கள் சாகும்போது அவர்களுடைய முகத்தைப் பார்ப்பதற்காகவே, பேரரசர் கிளாடியஸ் அவர்களைக் கொல்லும்படி ஆணையிட்டார் என்று ரோம வரலாற்றாசிரியர் சூட்டோனியஸ் எழுதியிருப்பது நெஞ்சை உறைய வைக்கிறது.

கேள்வி: அரிக்கமேட்டுக்கு வந்த யவனர்களும் இத்தகைய கவசம் அணிந்தவர்களா?
- வாசகர், அரியாங்குப்பம், புதுச்சேரி

பதில்: தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் 1945-இல் அங்கே நடத்திய அகழ்வில் வெளிப்பட்டவை இத்தாலியச் செந்நிறக் கலங்களும், மதுவைச் சுமந்து வந்த ஆம்போரா சாடிகளும்தான்; அவை வணிகத்தின் தடயங்கள். தமிழ் மன்னனின் பாசறையைக் காத்த யவனரை முல்லைப்பாட்டு வருணிக்கிறது. அங்கே அவர்களுடைய சட்டையும் சாட்டையும் வலிய உடலும் பேசப்படுகின்றனவே அன்றி, தலைக்கவசம் பேசப்படவில்லை.