பந்து உருட்டிப் பிழைக்க முடியுமா?

அம்மா, லான் பவுல்ஸ் ஆடும் மகள் அதையே பிழைப்பாக்கிக்கொள்ள முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள், நேராகவே பதில் சொல்கிறேன். புல்தரையில் பந்தை உருட்டி ஒரு சின்னப் பந்தின் அருகே நிறுத்தும் இந்த லான் பவுல்ஸை மட்டும் நம்பி வாழ்வது கடினம். ஒலிம்பிக்கில் இந்த ஆட்டம் கிடையாது. பரிசுப் பணத்தில் குடும்பம் நடத்துகிறவர்கள் உலகம் முழுக்கத் தேடினாலும் மிகச் சிலரே. அதற்காக மகளைத் தடுத்துவிடாதீர்கள்.

2022 பர்மிங்காம் காமன்வெல்த் போட்டியில் இந்தியப் பெண்கள் நால்வர் அணி தென்னாப்பிரிக்காவை 17-10 என வென்று தங்கம் வாங்கியதே, அந்த நால்வரும் அப்போது பிழைப்புக்கு என்ன செய்தார்கள் தெரியுமா? லவ்லி சௌபே ஜார்க்கண்ட் காவல் துறையில் கான்ஸ்டபிள். ரூபா ராணி திர்க்கி மாவட்ட விளையாட்டு அலுவலர். பிங்கி பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. நயன்மோனி சைகியாவுக்கு அசாம் வனத் துறையில் வேலை. லவ்லி முன்பு ஓட்டக்காரர், நயன்மோனி பளு தூக்கியவர். காயம் பட்ட பிறகு இந்த ஆட்டத்துக்கு வந்தவர்கள்.

அதனால் படிப்பை விடவே கூடாது. உடற்கல்விப் பட்டம் நல்ல வழி. விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலைக்கும் முயலலாம். போட்டிக்கு விடுப்பு கிடைக்கிற வேலையா என்பதை முதலில் பாருங்கள், சம்பளம் அப்புறம்.

அவசரமும் வேண்டாம். இங்கிலாந்தின் லான் பவுல்ஸ் வீரர் டேவிட் பிரையன்ட்டும் பள்ளி ஆசிரியராக இருந்தவர்தான். 1966-ல் முதல் உலக ஒற்றையர் பட்டம் வென்றார். மூன்றாவதை 1988-ல் வென்றபோது அவருக்கு வயது 56! மற்ற ஆட்டங்களில் முப்பதைத் தாண்டினாலே ஓய்வைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவார்கள். உங்கள் மகளுக்கு அந்த நெருக்கடி இல்லை. நாலு வருடம் படித்துவிட்டு வந்தாலும் எதுவும் கைநழுவாது.

ஒருநாள் பயிற்சிக்கு நீங்களும் போங்கள். பவுல் என்கிற அந்த உருட்டும் பந்தைக் கையில் வாங்கிப் பாருங்கள், முழு உருண்டையாக இருக்காது. நேராக விட்டால் ஒரு பக்கமாக வளையும். வேகம் குறையக் குறைய வளைவு கூடும். ஜாக் என்ற சின்னப் பந்தின் அருகே அதைக் கொண்டு நிறுத்துவது எவ்வளவு பொறுமையான வேலை என்று அப்போது புரியும்.

மகளிடம் ஒன்று கேளுங்கள்: அணியில் முதலில் உருட்டுகிற 'லீட்' ஆக ஆசையா, எதிர்முனையில் நின்று வழிகாட்டிக் கடைசியில் உருட்டுகிற 'ஸ்கிப்' ஆக ஆசையா? யோசிக்காமல் காரணத்தோடு பதில் சொன்னால், அவள் இதை எவ்வளவு ஆழமாக எடுத்துக்கொண்டிருக்கிறாள் என்று உங்களுக்கே தெரிந்துவிடும். அந்தப் பதிலை எனக்கும் எழுதுங்கள், எந்தக் கல்லூரி என்று பிறகு பேசுவோம்.