மருந்து பூசியும் பிள்ளைக்குப் பேன் திரும்ப வருவது ஏன்?

இலங்கையின் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து தாய் ஒருவர், மருந்து பூசியும் மகளின் தலையில் பேன் தீரவில்லையே என்று கேட்டிருக்கிறார்.

காரணம் ஈர். முடியில் ஒட்டிய ஈர் 7 முதல் 10 நாட்களுக்குள் பொரிக்கும். பல மருந்துகள் அதைக் கொல்வதில்லை. பெர்மெத்ரின் 1% லோஷன் பூசியிருந்தால், 9 நாள் கழித்து மறுபடியும் பூசுங்கள். அதோடு, ஈரத் தலையில் கண்டிஷனர் தடவி, பேன்சீப்பால் வேரிலிருந்து நுனிவரை வாருங்கள். மூன்று நாளுக்கொரு முறை, இரண்டு வாரம். கொழுந்து பறித்துவிட்டு வரும் தாய்க்கு இது பெரிய வேலைதான், ஆனாலும் விட்டுவிடாதீர்கள்.

பேனைக் கொல்லத் தலையில் மண்ணெண்ணெய் பூசுவது மட்டும் வேண்டவே வேண்டாம்! அடுப்பெரியும் லயன் வீட்டில் (தோட்டத்து வரிசை வீட்டில்) அது உயிருக்கே ஆபத்து.

குளிருக்கு ஒரே கம்பளிக்குள் தலையோடு தலை ஒட்டிப் படுக்கும்போது பேன் ஏறிவிடும், அழுக்கு காரணமல்ல. மகளைத் திட்டாமல், வீட்டில் எல்லோர் தலையையும் ஒரே நாளில் பாருங்கள். பள்ளிக்கு இறுகப் பின்னி அனுப்புங்கள்.