மகளிரியல் படித்து முடித்தால் என்ன கிடைக்கும்?

சேலத்தில் பிளஸ் டூ முடித்த உங்கள் தங்கை மகளிரியல், பாலினக் கல்வி படிக்க ஆசைப்படுகிறாள், வீட்டில் "அதெல்லாம் ஒரு படிப்பா?" என்கிறார்கள், என்ன சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் சேலத்துக்காரிதான். சமூகவியலில் பி.ஏ., அப்புறம் மகளிரியலில் எம்.ஏ. முடித்தேன். தாராளமாகப் படிக்கட்டும்.

இளங்கலையிலேயே மகளிரியலை முதன்மைப் பாடமாக எடுக்க நம் பக்கம் வாய்ப்பு குறைவு. சமூகவியல், பொருளியல், சமூகப்பணி என்று ஏதாவது ஒன்றை முடித்துவிட்டு முதுகலையில் வரலாம். திருச்சி பாரதிதாசன், காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகங்களில் மகளிரியலுக்கென்றே துறை இருக்கிறது.

இந்தப் படிப்பு எனக்கு என்ன செய்தது என்பதற்கு நம் ஊர் விஷயத்தையே சொல்கிறேன். தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-இல் சேலத்தில்தான் தொடங்கியது. பெண் சிசுவைக் கொல்லாதீர்கள், அரசுத் தொட்டிலில் விட்டுவிடுங்கள் என்ற ஏற்பாடு. அதைப் பற்றிப் பேச்சு வந்தாலே "பெத்தவளுக்கு எப்படி மனசு வந்துச்சு?" என்பதோடு ஊர் நிறுத்திக்கொள்ளும். வகுப்பில் வந்த கேள்விகள் வேறு. அந்த வீட்டு நிலம் யார் பெயரில்? மகளைக் கட்டிக்கொடுக்க எவ்வளவு சீர்? முடிவு எடுத்தபோது கணவனும் மாமனாரும் எங்கே இருந்தார்கள்?

கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்கும் பிறப்பிலேயே பங்கு உண்டு என்று தமிழ்நாடு 1989-இல் சட்டம் திருத்தியது. மத்தியச் சட்டத்தில் அது வந்தது 2005-இல். ஆனாலும் "உனக்குத்தான் நகை போட்டுக் கட்டிக்கொடுத்தாச்சே" என்ற ஒரு வார்த்தைக்காக தன் பங்கு வேண்டாம் என்று அண்ணன் தம்பிக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக்கொடுக்கும் அக்காக்கள் எத்தனை பேர்! சொத்தில் பங்கு கைக்கு வராதவரை மகள் என்றால் செலவு என்றுதான் வீடு நினைக்கும். தாயின் மனசை மட்டும் குற்றம் சொல்லி என்ன பயன்?

கடைசி ஆண்டு ஆய்வுக்குக் கொலுசு வேலையை எடுத்தேன். செவ்வாய்ப்பேட்டை, பனங்காடு, சிவதாபுரம் பக்கம் பல வீடுகளே பட்டறைதான். வியாபாரிகள் வெள்ளியை எடை போட்டுக் கொடுத்து, செய்த கொலுசை எடை போட்டு வாங்குவார்கள். நான் போன வீடுகளில் அந்தக் கணக்கு பெரும்பாலும் கணவர் பெயரில் இருந்தது. உட்கார்ந்து கோர்ப்பது மனைவி, மாமியார், பள்ளிக்கூடம் விட்டு வந்த மகள். "உங்களுக்கு எவ்வளவு கூலி?" என்று கேட்டால் அவர்களால் சொல்ல முடியவில்லை. காலையில் எழுந்ததிலிருந்து மணி வாரியாகக் கேட்கச் சொன்னார் என் பேராசிரியர். அப்படிக் கேட்டபோதுதான் சமையலுக்கும் தண்ணீர் பிடிப்பதற்கும் நடுவே செய்த கொலுசு வேலை முழுசாகத் தெரிந்தது. 2019-இல் தேசியப் புள்ளியியல் அலுவலகம் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு எடுத்ததும் ஏறக்குறைய இந்த வழியில்தான். சம்பளமில்லாத வீட்டு வேலைக்கு, அதைச் செய்யும் பெண்கள் ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார்கள், ஆண்கள் 97 நிமிடம் என்று அதில் வந்தது.

சரி, வேலை. பொறியியல் போலப் படிக்கும்போதே கம்பெனிகள் கல்லூரிக்கு வந்து ஆள் எடுக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். தொண்டு நிறுவனங்கள், ஆய்வுத் திட்டங்கள், பெண்களுக்கான அரசுத் திட்டங்கள் இந்தப் பக்கம்தான் தேட வேண்டும். அரசுப் பணிகளில் சிலவற்றுக்குச் சமூகப்பணிப் பட்டம் கேட்பார்கள். அதனால் இளங்கலையில் அதை எடுப்பது நல்லது என்பது என் எண்ணம். கல்லூரி ஆசிரியர் ஆக வேண்டுமென்றால் அதற்கான தேசியத் தகுதித் தேர்வான நெட்டில் மகளிரியல் தனிப் பாடமாகவே இருக்கிறது. வாசிக்க வேண்டியதில் பெரும்பகுதி ஆங்கிலம். தமிழ்வழியில் படித்தவள் என்றால் இப்போதே தினமும் கொஞ்சம் வாசிக்கச் சொல்லுங்கள்.

ஏற்காடு காபித் தோட்டங்களில் பழம் பறிக்கும் பெண்களின் கூலி, குழந்தைப் பராமரிப்பு பற்றி ஆய்வு செய்ய எனக்கு ரொம்ப ஆசை இருந்தது, நேரம் போதவில்லை. உங்கள் தங்கை எடுப்பதாக இருந்தால் என் கேள்விப் பட்டியலைத் தருகிறேன்.