பல்லும் வேலையும் – கடிதம்

வணக்கம் ஐயா,

நாங்கள் சுங்கை சிப்புட் பட்டணத்தை ஒட்டிய தோட்டத்தில் வளர்ந்தவர்கள். எஸ்.பி.எம். (மலேசிய இடைநிலைப் பள்ளி இறுதித் தேர்வு) முடித்த என் மகள், ஈப்போவில் தங்கும் விடுதி ஒன்றில் வரவேற்பாளர் வேலைக்கும் பிறகு ஒரு துணிக்கடை வேலைக்கும் நேர்முகத் தேர்வுக்குப் போனாள். இரண்டும் கிடைக்கவில்லை. முன்பற்கள் சொத்தையாகிக் கறுத்திருப்பதுதான் காரணம் என்கிறாள். மனப்பிரமை என்று அதட்டினேன். உறவினர்களோ பல்லுக்குக் கம்பி போடச் சொல்கிறார்கள். யார் சொல்வது சரி?

ஒரு தாய், சுங்கை சிப்புட்

அன்புள்ள சகோதரி,

மனப்பிரமை என்று தள்ளிவிட முடியாது. அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கத்தின் 2015ஆம் ஆண்டுக் கருத்தாய்வில், இளம் வயதினரில் 28 விழுக்காட்டினர், தங்கள் பற்களின் தோற்றம் நேர்முகத் தேர்வில் தங்களைப் பாதிக்கிறது என்றார்கள். அவர்கள் தங்களைப் பற்றி நினைத்துக்கொண்டது அது. முதலாளிகள் என்ன நினைத்தார்கள் என்பதற்குச் சான்றாகாது. ஆனால் ஷெரி கிலீட், மேத்யூ நைடெல் என்னும் ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வு, வருமானத்தையே அளந்தது. பற்சொத்தையைக் குறைக்கும் ஃபுளோரைடு கலந்த குடிநீர் கிடைத்த ஊர்களில் வளர்ந்த பெண்கள், அது கிடைக்காத ஊர்களில் வளர்ந்த பெண்களைவிட ஏறத்தாழ 4 விழுக்காடு கூடுதலாகச் சம்பாதித்தார்கள். அந்த வேறுபாடு ஆண்களிடம் தென்படவில்லை, வறிய குடும்பத்துப் பெண்களிடமே பெரிதும் காணப்பட்டது. ஆணின் பல்லை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை போலும்! நம் தோட்டங்கள் பலவும் வெகுகாலம் கிணற்று நீரையும் ஓடை நீரையுமே நம்பியிருந்தன என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

எனினும் உங்கள் மகளின் எண்ணம் முழுவதும் சரியென்றும் சொல்லமாட்டேன். பல்லைப் பற்றிய கூச்சம் உள்ளவர், பேசும்போது உதட்டை இறுக்கிக்கொள்வார். சிரிப்பு வந்தால் கை தானாக வாய்க்குப் போகும். "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றால் மேசையைப் பார்த்தபடி இரண்டு வாக்கியத்தில் முடித்துவிடுவார். எதிரே இருப்பவர் பல்லைக் கவனித்தே இருக்கமாட்டார். இந்தப் பெண்ணுக்கு வாடிக்கையாளரிடம் பேச விருப்பமில்லை என்று மட்டும் குறித்துக்கொள்வார். வேலை போனது கறுத்த பல்லாலா, மூடிய வாயாலா என்று வெளியிலிருந்து பிரித்துச் சொல்ல இயலாது. அதனால்தான் "தைரியமாக இரு" என்ற அறிவுரையால் மட்டும் பயனில்லை என்கிறேன்.

நம்மிடையே இன்னொரு பழக்கம் உண்டு. பள்ளிக்கூடத்தில் பல் தாதி வந்து பார்த்தவரையில் சரி. படிப்பு முடிந்தபின் வலி வந்தால் மட்டுமே பல் கிளினிக்கின் படியேறுகிறோம், ஏறியதும் "பிடுங்கிவிடுங்கள்" என்கிறோம். முன்பல்லைப் பிடுங்கினால் வேலை தேடும் பெண்ணுக்குக் கறுப்புக்குப் பதில் ஓட்டைதான் மிஞ்சும். சொத்தை ஆழமில்லையென்றால் பல்லின் நிறத்திலேயே அடைத்துவிடலாம். நரம்பு வரை போயிருந்தாலும், ஒற்றை வேருள்ள முன்பல்லுக்கு வேர்ச்சிகிச்சை செய்வது கடைவாய்ப்பல்லைவிடப் பொதுவாக எளிது. அரசாங்கப் பல் மருத்துவ நிலையத்துக்கே அழைத்துப் போங்கள். காத்திருக்க நேரிடும், செலவு குறைவு. "இந்தப் பல்லைக் காப்பாற்ற முடியுமா?" என்பதை அவளே மருத்துவரிடம் கேட்கட்டும்.

கம்பி இப்போது வேண்டாம். அது வரிசை தப்பிய பல்லுக்கானது. தனியாரிடம் சில ஆயிரம் வெள்ளி (ரிங்கிட்) ஆகும். சொத்தையைச் சரிசெய்யாமல் எந்த நல்ல மருத்துவரும் அதைத் தொடங்கவும் மாட்டார்.