பிரேக் சிலிண்டரை மாற்றியதால் இன்ஷூரன்ஸ் கிடையாதா?

கேள்வி: கோயம்பேட்டிலிருந்து பெரம்பூர் கடைகளுக்குக் காய்கறி ஏற்றும் பிக்கப் வைத்திருக்கிறேன். 2012 மாடல், நானேதான் ஓட்டுகிறேன். லோடு ஏற்றினால் பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை என்று ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். "பெரிய மாஸ்டர் சிலிண்டர் போட்டா கப்புனு நிக்கும் அண்ணே" என்று, பெடலை மிதிக்கும்போது பிரேக் ஆயிலைத் தள்ளும் அந்தச் சிலிண்டரில் 22 மி.மீ. இருந்த இடத்தில் 25 மி.மீ. போட்டு, 14,000 ரூபாய் வாங்கினார்கள். பில் தரவில்லை. மூன்றே வாரத்தில், சிக்னலில் நின்ற கார் மீது மோதிவிட்டேன். பெடல் கல் மாதிரி இருந்தது, வண்டி நிற்கவில்லை. அனுமதியில்லாத மாற்றம் என்று இன்ஷூரன்ஸ் கம்பெனி கைவிரித்துவிட்டது. ஒர்க்‌ஷாப்காரர், "வண்டியக் கொண்டு வாங்க, பழசையே போட்டுத் தரேன்" என்கிறார். போகலாமா?

பதில்: தயவுசெய்து போகாதீர்கள். இப்போது வண்டியில் மாட்டியிருக்கும் அந்த 25 மி.மீ. சிலிண்டர்தான் உங்கள் முதல் சாட்சி. அதை அவர் கழற்றிவிட்டால், பிறகு உங்கள் பேச்சும் அவர் பேச்சும்தான் மிஞ்சும். இதே போன்ற ஒரு வழக்கில், கழற்றிய சிலிண்டர் எடைக்குப் போய்விட்டதால் என் கட்சிக்காரர் நிரூபிக்க முடியாமல் திண்டாடியதைப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் சிலிண்டர் உடம்பிலேயே அளவோ எண்ணோ வார்த்திருக்கும். பக்கத்தில் ஸ்கேல் வைத்து அது தெரியும்படி போட்டோ எடுங்கள். பழைய சிலிண்டர் அவரிடம் இருந்தால் கேட்டு வாங்கி வையுங்கள். அப்புறம், சம்பந்தமில்லாத ஒரு ஆட்டோமொபைல் என்ஜினீயரிடம் காட்டி, எழுத்தில் அறிக்கை வாங்குங்கள்.

அறிக்கையில் வர வேண்டிய விஷயம் எளிமையானது. பெரிய சிலிண்டர் என்றால் பிரேக் கூடும் என்பது தவறான எண்ணம். பிஸ்டன் பரப்பு கூடினால், அதே மிதிக்குப் பிரேக் ஆயிலில் உண்டாகும் அழுத்தம் குறையும். 22-லிருந்து 25-க்குப் போனால் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைகிறது. பெடல் கெட்டியாக, கொஞ்ச தூரமே இறங்கும்; சக்கரத்தில் பிடிப்பு குறையும். நீங்கள் சொன்ன "கல் மாதிரி பெடல்" இதோடு பொருந்துகிறது. மிதிக்கும் பலத்தைக் கூட்டித் தரும் பூஸ்டர் பழுதானாலும் பெடல் கெட்டியாகும் என்பதால், அதையும் சேர்த்துச் சோதிக்கச் சொல்லுங்கள்.

இன்ஷூரன்ஸ் மறுப்புக்கு வருவோம். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு தடுக்கும் 'மாற்றம்' என்பது, வண்டியின் அடிப்படை அம்சமே மாறும்படி கட்டமைப்பை மாற்றுவது. ஆர்.சி.யில் மாஸ்டர் சிலிண்டர் அளவு என்று எதுவும் எழுதப்படுவதில்லை. பழுது பார்க்கக் கொடுத்த இடத்தில் போட்ட தவறான பாகத்தை அந்தப் பிரிவுக்குள் இழுப்பது என் பார்வையில் நிற்காது. பாலிசியின் எந்த நிபந்தனைப்படி மறுத்தார்கள் என்று எழுத்தில் கேளுங்கள், சேதத்தை மதிப்பிட்ட சர்வேயரின் அறிக்கை நகலையும் கேளுங்கள். வண்டியை நல்ல நிலையில் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையை அவர்கள் காட்டலாம். பிரேக்கைச் சரிசெய்யத்தானே பணம் கொடுத்தேன் என்பதே அதற்கு உங்கள் பதில். அப்படியும் நிபந்தனை மீறல்தான் என்று முடிவானால், முழுத் தொகையையும் மறுக்காமல் 75 சதவீதம் வரை கொடுக்கலாம் என்று அமலேந்து சாகூ வழக்கில் 2010-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். கம்பெனியின் குறைதீர் பிரிவுக்கு முதலில் எழுதுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, பதில் திருப்தியில்லை என்றாலோ, இன்ஷூரன்ஸ் புகார்களைத் தீர்த்துவைக்கும் அதிகாரியான, சென்னையிலுள்ள இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் கட்டணமில்லாமல் போகலாம்.

கார்க்காரருக்கு ஏற்பட்ட சேதம் வேறு கணக்கு. உங்கள் வண்டிச் சேதத்துக்கு மறுத்த அதே காரணத்தைச் சொல்லி மூன்றாம் நபர் பொறுப்பிலிருந்து கம்பெனி எளிதில் நழுவ முடியாது. அவரிடமிருந்து நோட்டீஸ் வந்தால் உடனே கம்பெனிக்கு அனுப்புங்கள், தனியாகச் சமாதானம் பேசிக் கையெழுத்துப் போடாதீர்கள். ஆனால் 'பிரேக் பிடிக்கவில்லை' என்று சொன்னால் மட்டும் தப்பிக்க முடியாது. கவனமாகப் பார்த்திருந்தாலும் கண்டுபிடிக்க முடியாத கோளாறு அது என்று வண்டிக்காரர்தான் நிரூபிக்க வேண்டும் என்பது 1977-லேயே மினு மேத்தா வழக்கில் வந்த தீர்ப்பு. அதனால்தான் அந்த என்ஜினீயர் அறிக்கையை இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

ஒர்க்‌ஷாப் மீது மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுங்கள். வியாபாரத்துக்கு ஓட்டும் வண்டி என்பார்கள். பிழைப்புக்காகத் தானே ஓட்டுபவரும் நுகர்வோர்தான் என்று சட்டமே சொல்கிறது. பில் தராததும் 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறை. பணம் யு.பி.ஐ.யில் போட்டிருந்தால் அந்தப் பதிவும், அவரோடு பேசிய வாட்ஸப் குரல் செய்திகளும் போதுமான தொடக்கம். போனை மாற்றாதீர்கள், எதையும் அழிக்காதீர்கள். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணமில்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

ஒன்று மட்டும் கவனம். ஆம்புட்ஸ்மேனிடம் "சிலிண்டரால் ஒன்றுமில்லை" என்றும் நுகர்வோர் ஆணையத்தில் "சிலிண்டரால்தான் மோதினேன்" என்றும் எழுதிவிடாதீர்கள். இரண்டு இடத்திலும் நடந்ததையே சொல்லுங்கள்: சரிசெய்யக் கொடுத்தேன், தவறான பாகத்தைப் போட்டார்கள், எனக்குத் தெரியாது.

சரியான சிலிண்டரைப் போடும்வரை வண்டியை எடுக்காதீர்கள். கோளாறு தெரிந்தும் ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 190-வது பிரிவில் தனியாக வழக்கு வரும், யாருக்காவது அடிபட்டால் மூன்று மாதம் வரை சிறையும் உண்டு. அறிக்கை கைக்கு வந்ததும், உங்கள் முன்னிலையில் அந்தச் சிலிண்டரைக் கழற்றி நீங்களே பத்திரப்படுத்துங்கள். வண்டிக் கம்பெனி சொன்ன அளவு சிலிண்டரை வேறு ஒர்க்‌ஷாப்பில் போட்டு, பிரேக் ஆயிலில் சிக்கிய காற்றை முழுசாக எடுக்கச் சொல்லுங்கள். பில்லில் பார்ட் நம்பரையும் எழுதி வாங்குங்கள்.